ஸ்பெக்ட்ரம் கணினியில் ஒரு சிறு ஆர்கேட் விளையாட்டை எழுதும் முறை

1982 ஏப்ரலில் பிரிட்டனில் சிங்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை இயக்கியதுமே பேசிக் என்னும் நிரல் மொழி கைக்கு வந்துவிடும். வேறு எதையும் ஏற்றத் தேவையில்லை. ஆனால் அந்த பேசிக் மெதுவானது. பத்துப் பகைவர்களைத் தனித்தனியே நகர்த்த முயன்றால் ஆட்டம் ஆமையாக ஊரும். ஆகவே கணினியிடம் குறைவாக வேலை வாங்கும் ஆட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கீழிருந்து எழும்பி வரும் பாறைகளுக்கு இடையே ஒரு விண்கலம் தப்பித்து இறங்குவதாக இந்த ஆட்டத்தை அமைக்கலாம். பாறைகள் எத்தனை இருந்தாலும் அவற்றை நகர்த்தும் வேலையை ஸ்க்ரோல், அதாவது திரை வரி வரியாக மேலே ஏறுவது, பார்த்துக்கொள்ளும்.

திரையில் அச்சிடும் பிரிண்ட் ஆணைக்கு உரிய பகுதியில் 0 முதல் 21 வரை 22 வரிகளும், 0 முதல் 31 வரை 32 நெடுவரிசைகளும் உண்டு. பாறைக்கு நட்சத்திரக் குறி போதும். அதை 21ஆம் வரியில் ஏதேனும் ஒரு நெடுவரிசையில், இறுதியில் அரைப்புள்ளி இடாமல் அச்சிட்டு, உடனே வெறும் பிரிண்ட் ஆணை ஒன்றைக் கொடுத்தால் திரை முழுவதும் ஒரு வரி மேலே ஏறும். திரை நிறைந்ததும் ‘ஸ்க்ரோல்?’ என்று கணினி கேட்டு நிற்பதைத் தவிர்க்க, நினைவகத்தின் 23692ஆம் முகவரியில் 255ஐ போக் செய்ய, அதாவது நேரடியாக எழுத வேண்டும். ஒவ்வொரு நகர்விலும் அந்த எண் குறைந்துகொண்டே வருவதால், இந்த ஆணை ஆட்டச் சுழற்சிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

விண்கலத்தை 0ஆம் வரியில், அதாவது உச்சியில் நிறுத்துங்கள். வேறு எந்த வரியில் நிறுத்தினாலும் ஸ்க்ரோல் கலத்தையும் மேலே இழுத்துச் செல்லும். பழைய உருவை அழிக்கத் தனி ஆணை வேண்டியிருக்கும். உச்சியில் நின்றால் அந்தப் பழைய உரு திரையை விட்டே வெளியேறிவிடும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த சிக்கனம் இதுதான்.

கலத்தை நகர்த்த 5, 8 ஆகிய விசைகள் பொருத்தமானவை. இடம், வலம் என்னும் அம்புக்குறிகள் அவற்றின் மேலேயே உள்ளன. பேசிக்கில் ஒரு நிபந்தனை உண்மையானால் அதன் மதிப்பு 1, பொய்யானால் 0 என்பதால், இஃப் ஆணைகளை அடுக்காமல் ஒரே வரியில் முடித்துவிடலாம் (எக்ஸ் என்பது கலம் நிற்கும் நெடுவரிசை, இன்கீ$ என்பது அழுத்தப்பட்டிருக்கும் விசை):

லெட் எக்ஸ் = எக்ஸ் + (இன்கீ$ = "8" அண்ட் எக்ஸ் < 31) − (இன்கீ$ = "5" அண்ட் எக்ஸ் > 0)

எழுத்து விசைகளை வைத்தாலும் தவறில்லை. ஆனால் கேப்ஸ் லாக் போட்டிருந்தால் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் பொருந்தாமல் கலம் அசையாது. இல்லாத பிழையைத் தேடி ஒரு மாலைப் பொழுதையே நான் அப்படி வீணாக்கியிருக்கிறேன்.

மோதலைக் கண்டறிய நிறம் உதவும். தொடக்கத்தில் பேப்பர் (பின்னணி நிறம்) 0, இங்க் (எழுத்தின் நிறம்) 7 என்று வைத்து, திரையைத் துடைக்கும் சிஎல்எஸ் கொடுத்தால், வெற்றிடத்தின் ஆட்டர் மதிப்பு, அதாவது ஒரு கட்டத்தின் நிறங்களைக் குறிக்கும் எண், 7 ஆகும். பாறையை இங்க் 2, அதாவது சிவப்பில் அச்சிட்டால் அந்தக் கட்டத்தின் மதிப்பு 2. திரை ஏறி, கலமும் இடம் மாறிய பின், கலத்தை அச்சிடும் முன்பாக அந்தக் கட்டத்தின் ஆட்டர் மதிப்பைப் பார்க்க வேண்டும். 2 என்றால் ஆட்டம் முடிந்தது. இந்த வரிசையை மாற்றினால் கலம் பாறையின் மேலேயே எழுதப்பட்டு, மோதல் தெரியாமல் போகும்.

கலத்தின் உருவத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டத்தில் வரைந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் கணக்கிடுங்கள். இடமிருந்து வலமாகப் புள்ளிகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. கீழ்நோக்கிய கலத்துக்கு 129, 195, 231, 255, 126, 60, 24, 24 என்பவை பொருந்தும்; நடுவில் இரு புள்ளிகள் மட்டும் உள்ள கடைசி வரிசைதான் 16 + 8 = 24. இந்த எட்டையும் டேட்டா ஆணையில் வைத்து, ரீட் ஆணை மூலம் எடுத்து, யூஎஸ்ஆர் "ஏ" தரும் முகவரி (ஏ விசைக்குரிய உருவம் இருக்கும் இடம்) தொடங்கி எட்டு இடங்களில் போக் செய்தால் உருவம் தயார். அதைத் தட்டச்சிட, கேப்ஸ் ஷிஃப்டுடன் 9ஐ அழுத்தி கிராஃபிக்ஸ் நிலைக்குச் சென்று ஏ விசையை அழுத்த வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். கோ டூ ஆணை செல்ல வேண்டிய வரியை நிரலின் தொடக்கத்திலிருந்தே தேடுகிறது. ஆகவே ஆட்டச் சுழற்சியை முதல் வரிகளிலும், உருவம், நிறம் போன்ற ஏற்பாடுகளை 9000ஆம் வரிக்குப் பின்னும் வைத்து, முதல் வரியில் அங்கே தாவச் செய்யுங்கள். பீப் ஒலித்து முடியும் வரை நிரல் நின்றுவிடும் என்பதால் ஓட்டத்தின் நடுவே ஒலி வேண்டாம். மோதலுக்கு மட்டும் போதும். மதிப்பெண்ணைத் திரையில் காட்டினால் அதுவும் மேலே ஏறிப் போகும், முடிவில் காட்டுங்கள்.

பாறைகள் முழுக்க முழுக்கத் தற்செயலாக வந்தால் ஆட்டம் சப்பென்று இருக்கும். 32 நெடுவரிசைகளில் சும்மா நின்றே நெடுநேரம் பிழைத்துவிடலாம். மூன்றில் ஒரு பாறையைக் கலம் அப்போது நிற்கும் நெடுவரிசையிலேயே தோன்றச் செய்யுங்கள். ஆடுபவர் ஓயாமல் நகர்ந்தே தீர வேண்டியிருக்கும். 200 வரிகள் கடந்ததும் வரிக்கு இரண்டு பாறைகள் என ஆக்கலாம். ஏற்பாட்டுப் பகுதியில் ரேண்டமைஸ் ஆணையை மறந்துவிடாதீர்கள். இல்லையெனில் கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில்தான் பாறைகள் வரும்.

கேசட்டில் பதியும்போது சேவ் ஆணையின் இறுதியில் லைன் 9000 என்று சேர்த்தால், அடுத்த முறை ஏற்றியதும் ஆட்டம் தானே தொடங்கும். பதிந்த பின் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, வெரிஃபை ஆணையால் சரிபார்க்கும் வரை கணினியை அணைக்க வேண்டாம்.