நேபாள மலைக்கிராமத் தொண்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் முன்

நேபாளம் போக நமக்கு விசா வேண்டாம். அதை நம்பி ஆதாரை மட்டும் கொடுத்தனுப்பினால் விமான நிலையத்திலேயே திருப்பிவிடுவார்கள். 15 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு அது செல்லாது. பாஸ்போர்ட்தான் உத்தமம்.

காலாண்டு விடுமுறை தோதாகத் தெரியும். ஆனால் நம் நவராத்திரி சமயத்தில்தான் அங்கே தசைன் பண்டிகை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், யாருக்குப் பாடம் எடுப்பது? ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு, போதாக்குறைக்கு அட்டைக்கடி. மே மாதமே சரி.

இரண்டு மாதம் முன்பே, வாரம் இரண்டு தடவை, ஆறு கிலோ பையோடு அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை ஏறி இறங்கட்டும். ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும், பெருவிரல் நகம் கருத்துவிடும்.

கால் பழகினாலும் உயரம் தனி விஷயம். மதுரை 100 மீட்டர் சொச்சம், காத்மாண்டு 1,400. கிராமம் 2,500-ஐத் தாண்டினால் தலைவலி, குமட்டல் வரலாம். 3,000-க்கு மேல், இரவு தங்கும் இடம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. நடை தள்ளாடினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறக்குங்கள்.

செலவுக்கு நம் 100 ரூபாய் நோட்டுகள் போதும்; ஒன்றுக்கு 160 நேபாள ரூபாய். விலை சொன்னால் ‘ஐசியா, என்சியா?’ என்று கேட்கப் பழக்குங்கள். ஐசி நம் பணம், என்சி அவர்கள் பணம்.