இரவு நேர வயிற்று உப்பிசத்துக்கு ஓமமும் சீரகமும்

இரவில் கொண்டைக்கடலையோ மொச்சையோ சாப்பிட்டால் படுக்கும் நேரம் வரை வயிறு உப்பி, ஏப்பம் வந்துகொண்டே இருக்கும் தொல்லை எனக்கு நெடுநாளாக இருந்தது. கடையில் விற்கும் மூலிகைத் தேநீரில் மணம் இருந்த அளவுக்குப் பலன் இல்லாததால், அஞ்சறைப் பெட்டியில் இருப்பதைக் கொண்டே கஷாயம் வைக்கத் தொடங்கினேன்.

ஒரு குவளைக்கு அரைத் தேக்கரண்டி சீரகம், கால் தேக்கரண்டி ஓமம், நசுக்கிய சிறு துண்டு சுக்கு ஆகியவை போதும். சுக்கு கெட்டியானது என்பதால், அதன் காரம் இறங்க ஐந்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். ஓமத்தின் மணமோ தைமால் என்னும் எளிதில் ஆவியாகும் பொருளிலிருந்து வருவது. அதையும் கூடவே கொதிக்கவிட்டால் வீடு மணக்குமே தவிர, குவளையில் அதிகம் மிஞ்சாது. ஆகவே சுக்கு கொதித்ததும் அடுப்பை அணைத்து, இளஞ்சூட்டில் வறுத்து உள்ளங்கையில் கசக்கிய சீரகத்தையும் ஓமத்தையும் அதில் போட்டு, தட்டால் மூடிப் பத்து நிமிடம் வைக்கிறேன். தட்டின் அடியில் முத்துமுத்தாகக் கோத்திருக்கும் நீரையும் பாத்திரத்திலேயே வழித்துவிடுவேன். அதிலும் அந்த மணம் இருக்கிறது.

வடிகட்டி, இனிப்புச் சேர்க்காமல், சாப்பிட்டு அரை மணி கழித்து மெல்லக் குடித்தால் உப்பிசம் எனக்கு நன்றாகவே தணிகிறது. புதினாவைச் சேர்ப்பதில்லை, வயிற்றுப் பிசைவுக்கு அது இதமானதுதான், ஆனால் உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்தி நெஞ்செரிச்சலைக் கூட்டக்கூடியது. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைக் குடிக்க வேண்டும்.