அலையில் மட்டும் நின்ற இன்ஜின்: என் அனுபவம்

மூன்று நாள் அலைக்கழித்த கோளாறு இன்று தீர்ந்தது. கரையோரப் பயணத்தில் எங்கள் பாய்மரப் படகின் டீசல் இன்ஜின், அலை அதிகமானால் அரை மணியில் திணறி நிற்கும். பத்து நிமிடம் விட்டால் தானாகக் கிளம்பும். துறைக்குள் ஒரு குறையும் இல்லை.

டீசலை வடிகட்டும் இரண்டு ஃபில்டரையும் மாற்றி, ஏர் எடுத்தோம் (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினோம்). பயனில்லை. குழாய் இணைப்புகளின் வாஷர்களும் புதிதாயின. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் டயாஃப்ரமும் (உள்ளே அசையும் சவ்வு) நன்றாகவே இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், கசடு தேங்க வேண்டிய ஃபில்டர் கிண்ணம் பளிச்சென்று இருந்தது. கசடு அங்கே வரவே இல்லை, முன்னாலேயே தடுக்கப்பட்டது என்று அப்போது தோன்றவில்லை.

5 லிட்டர் கேனிலிருந்து நேரடியாக டீசல் கொடுத்தோம் (இன்ஜினில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் கேனுக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகும்). அலையிலும் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. எனவே கோளாறு டேங்கில்தான்.

டேங்கிலிருந்து டீசல் எடுக்கும் உறிஞ்சு குழாயை உருவினால் நுனியில் சன்னமான வலை, அதில் கறுப்புக் கசடு. அலை கலக்கும்போது ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் இல்லாமல் உதிர்ந்துவிடும். வலையை வெட்டி எடுத்தோம், வடிகட்ட ஃபில்டர் போதும். அடியில் தேங்கிய தண்ணீரையும் கசடையும் கைப்பம்பால் இறைத்து, மறுபடி ஏர் எடுத்தோம். இன்று ஆறு மணி நேர அலையிலும் நிற்கவில்லை.