படத்துக்குள் டோடோ: நீர்க்குறியை நம்பி ஏமாறும் இடங்கள்

மொரீஷியஸின் நூறு ரூபாய் நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ரங்கநாதன் சீனிவாசன் முகம் இருக்க, வெறுமையாகத் தெரிந்த பகுதியில் டோடோவின் தலை மெல்ல எழும். அது மையால் வந்ததல்ல. கூழ் தாளாகப் படியும்போதே சில இடம் தடித்தும் சில இடம் மெலிந்தும் போனதால் வந்த உருவம். அதனால்தான் கலர் ஜெராக்ஸில் டோடோ வருவதில்லை.

டிஜிட்டல் படத்துக்கு நீர்க்குறி, அதாவது வாட்டர்மார்க், வைப்பவர்கள் பலரும் இந்த டோடோவை மனதில் வைத்தே தொடங்குகிறார்கள். சறுக்கலும் அங்கேதான். கணினியில் காகிதம் கிடையாது. நகலும் மூலமும் பைட்டுக்கு பைட் ஒன்றே. படத்தை எடுத்துக்கொண்டு போகிறவர் கையில் டோடோவும் கூடவே போய்விடும். ஆகவே கோவில் சங்கத்தின் காவடிப் படமானாலும் சரி, பத்திரிகைக்கு அனுப்பும் புயல் படமானாலும் சரி, "நீர்க்குறி இருக்கிறது, எனவே அசல்" என்று சொல்லிவிட முடியாது.

எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்?

நீர்க்குறி இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லும். "இது யார் படம்?" என்பது ஒன்று. "இதில் யாராவது கை வைத்தார்களா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்ன செய்தாலும் அழியாத உறுதியான குறி வேண்டும். இரண்டாவதற்குத் தொட்டாலே உடையும் நொய்ந்த குறி வேண்டும். ஒன்றை வைத்துவிட்டு மற்றதன் வேலையை எதிர்பார்ப்பதுதான் இந்தத் துறையின் தலையாய தவறு. உறுதியான குறி வைத்த காவடிப் படத்தில் பின்னால் தெரியும் பெயர்ப்பலகையை மட்டும் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறி பத்திரமாக இருக்கும், குறியைப் படிக்கும் கருவியும் "நம் படம்தான்" என்று சொல்லும். அது பொய்யில்லை. நாம் கேட்க நினைத்ததை அதனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நொய்ந்த குறியில் எளிதானது கடைசி பிட்டில் எழுதுவது. ஒரு பிக்சலின் மதிப்பு 182 என்றால் இரும எண்ணில் 10110110. கடைசி பிட்டை மாற்றினால் 10110111, அதாவது 183. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. படம் முழுக்க இப்படி எழுதினாலும் பிஎஸ்என்ஆர், அதாவது மூலத்தோடு இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் அளவு, சுமார் 51 டெசிபல் வரும்; எண் கூடினால் ஒற்றுமை கூடுதல். மிக நல்ல எண். ஆனால் இதே படத்தை ஜேபெக்காக ஒரே ஒரு தடவை சேமித்துப் பாருங்கள். ஜேபெக் படத்தை 8×8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் அலைவெண்களையும் முழுமைப்படுத்திச் சுருக்கும். திரும்ப விரிக்கும்போது நம் 183 என்பது 181 ஆகவோ 186 ஆகவோ வரும். கடைசி பிட்டில் மிஞ்சுவது வெறும் இரைச்சல், அதாவது பொருளில்லாத ஏற்ற இறக்கம். கருவி "படம் திருத்தப்பட்டது" என்று அலறும். யாரும் திருத்தவில்லை; வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அவ்வளவே.

படம் பிக்சல் மாறாமல் காக்கும் டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகவே கைமாறும் என்றால் மட்டும் கடைசி பிட் முறை சரிப்படும். ஆவணக்காப்பகத்துக்குள் அது நடக்கும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடக்காது. நடுவில் ஒரு வகை உண்டு: ஜேபெக் சுருக்கத்தைத் தாங்கும், ஆனால் ஒரு முகத்தை வெட்டி ஒட்டினால் அந்த இடத்து 16×16 கட்டங்களை மட்டும் காட்டிக்கொடுக்கும். திருத்தம் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் பெரும்பாலான சங்கங்களுக்கும் சிறு பத்திரிகைகளுக்கும் தேவைப்படுவது இதுதான். ஆனால் இந்த வகை குறியை எந்த ஜேபெக் தரம் வரை தாங்கும்படி அமைத்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது.

சோதிக்காமல் வெளியே விடுவது

வாட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் படத்தின் நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குக் குறைக்கும், மறுபடி ஜேபெக்காகச் சுருக்கும், எடுத்த தேதி, கேமரா போன்ற எக்ஸிஃப் தகவலைக் கழற்றிவிடும். 4000×3000 படம் அங்கே போய் வந்தால் ஆறில் ஒரு பங்கு பிக்சல்கூட மிஞ்சாது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனால் அடுத்தவர் அதை எப்படி அனுப்புவார் என்பது நம் கையில் இல்லை.

ஆகையால் குறி வைத்த பத்துப் படங்களையாவது இந்தப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். ஜேபெக் தரம் 90, 75, 50. பாதி அளவுக்குச் சுருக்கம். நான்கு ஓரத்திலும் பத்து விழுக்காடு வெட்டு. ஒரு டிகிரி சுழற்சி. ஃபோன் ஸ்க்ரீன்ஷாட். வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாற்றம். இவற்றில் பலரையும் ஏமாற்றுவது சுழற்சிதான். தரம் 50-ஐத் தாங்கும் குறி ஒரு டிகிரி திரும்பினால் காணாமல் போகும். குறி அழிவதில்லை, எங்கே தொடங்குகிறது என்று கண்டறியும் கருவிக்குத் தெரிவதில்லை, கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒத்திசைவுக்கென்றே தனி அடையாளம் பதிக்கும் முறையைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இலவசமாகக் கிடைக்கும் 'இன்விசிபிள்-வாட்டர்மார்க்' என்ற பைத்தான் நிரலைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பழகிப் பார்க்க நல்லது. ஆனால் 256×256-க்குச் சிறிய படத்தில் அது வேலை செய்யாது. அதிலுள்ள வேகமான முறை, படத்தின் அளவை மாற்றினால் தாங்காது. செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் தன் வெளியீட்டு நிரலில் இதைத்தான் பயன்படுத்தியது. நிரலில் ஒரே ஒரு வரியை நீக்கினால் குறியே வைக்காமல் படம் வந்துவிடும். ஆகவே ஒரு படத்தில் குறி இல்லை என்பதால் அது கேமராவில் எடுத்தது ஆகிவிடாது.

எல்லாப் படத்துக்கும் ஒரே குறி

மூலையில் சங்கத்தின் லோகோவை ஒட்டுவது விளம்பரத்துக்குச் சரி. மூலையை வெட்ட ஒரு நொடி போதும். லோகோவை நடுவில் பரப்பி வைத்தாலும் தப்ப முடியாது. ஒரே இடத்தில், ஒரே உருவத்தில் நூற்றுக்கணக்கான படங்களில் வரும் லோகோவைக் கணினி தானே கணித்து நீக்கிவிடும் என்று 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். லோகோவை ஒவ்வொரு படத்திலும் இலேசாக வளைத்து வைத்தால் அந்த நீக்கம் தடுமாறும் என்பதும் அவர்கள் கண்டதே.

கண்ணுக்குத் தெரியாத குறிக்கும் இதே கதி. ஒரே சாவியில், அதாவது குறியை உருவாக்கும் ரகசிய எண்ணில், பிறந்த ஒரே கோலத்தை நூறு படங்களில் பதித்தால், அந்த நூறையும் சராசரி எடுப்பவருக்குப் படங்களின் உள்ளடக்கம் மங்கிப்போய்க் கோலம் மட்டும் மேலெழும். பிறகு அதைக் கழிக்கலாம். அதைவிட மோசம், வேறொரு படத்தில் கூட்டலாம். பொய்ப் படம் ஒன்று உங்கள் முத்திரையோடு உலவும். ஒற்றைப் படம் கிடைத்தாலே போதும் என்பதும் தெரிந்ததே: குறி வைத்த படத்தை இரைச்சல் நீக்கும் வடிகட்டியில் போட்டு, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ அந்தக் குறி. சாவி எதுவும் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டி, 'காப்பி அட்டாக்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இதற்கு மருந்து, குறியைப் படத்தோடு கட்டிப்போடுவது. படத்தின் தோற்றத்திலிருந்து ஒரு சுருக்கக் கையொப்பம் எடுத்து, அதையும் ரகசியச் சாவியையும் சேர்த்துக் குறியை உருவாக்க வேண்டும். வேறு படத்துக்கு மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. கட்டம் கட்டமாகக் குறி வைப்பதானால் ஒவ்வொரு கட்டமும் தன் இடத்தையும் படத்தின் எண்ணையும் உள்ளே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுடைய பல படங்களிலிருந்து கட்டங்களைப் பொறுக்கி ஒட்டி ஒரு புதுப் படம் செய்யலாம். ஒவ்வொரு கட்டமும் அசல் என்றே கருவி சொல்லும்.

பொருந்தியது என்றால் எவ்வளவு?

64 பிட் குறி வைத்த படத்தைத் திரும்பப் படிக்கும்போது 64-ம் சரியாக வருவது அபூர்வம். சரி, எத்தனை வந்தால் நம்புவது? குறியே இல்லாத படத்திலும் குருட்டாம்போக்கில் சராசரியாக 32 பிட் பொருந்தும். 40 போதும் என்று வைத்தால், குறி இல்லாத நூறு படங்களில் மூன்றையாவது கருவி உங்களுடையது என்று சொல்லும். 48 என்று உயர்த்தினால் அந்தத் தவறு ஏறக்குறைய 26,000-இல் ஒன்று ஆகிவிடும். எட்டு பிட்டில் இவ்வளவு தூரம். சண்டை வந்து வழக்கறிஞர் வரை போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். படத்தைப் பார்த்த பிறகு இறக்கக் கூடாது.

குறிக்குள் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் திணிப்பதும் வீண் வேலை. திணிக்கத் திணிக்க ஒவ்வொரு பிட்டும் மெலியும். ஓர் எண்ணை மட்டும் பதித்து, விவரத்தைப் பதிவேட்டில் வையுங்கள். மிச்ச இடத்தைப் பிழை திருத்தத்துக்குக் கொடுக்கலாம்: பிசிஹெச் குறிமுறையில் 127 பிட் பதித்தால் அதில் 64 பிட் தகவல், 10 பிட் வரை பிழையும் திருந்தும்.

குறியின் வலிமையைப் படத்தில் எங்கும் ஒரே அளவாக வைப்பது இன்னொரு சறுக்கல். 40 டெசிபலுக்கு மேல் என்றால் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். அது சராசரிக் கணக்கு. காவடியின் பூ, மயிலிறகு, கூட்டம் இருக்கும் இடத்தில் எவ்வளவு வைத்தாலும் மறையும். வெள்ளை வேட்டியிலும் தெளிந்த வானத்திலும் அதே வலிமை மணல் தூவியதுபோலத் தெரியும். வெளிச்சத்தை விட்டு நிறத்தை மட்டும் சொல்லும் நிறத்தளத்தில் மட்டும் பதித்தால் தெரியாதே என்று சிலர் போவார்கள். ஜேபெக் பெரும்பாலும் நிறத்தளத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கித்தான் சேமிக்கிறது, குறியும் அதோடு போகும்.

வரிசை

ஒளி, நிறம், வெட்டு, அளவு எல்லாம் முடிந்த பிறகே குறி. குறிக்குப் பிறகு ஒரே ஒரு சேமிப்பு. அந்தக் கோப்புக்கு எஸ்ஹெச்ஏ-256 எண், அதாவது ஒரு பிட் மாறினாலும் வேறாகிவிடும் கோப்பின் கைரேகை, எடுத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். குறி வைப்பதற்கு முன்னே எடுத்த எண் வெளியே போன கோப்போடு ஒருநாளும் பொருந்தாது.

பழைய படங்களை ஸ்கேன் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மொரீஷியஸின் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் காக்கும் ஒப்பந்தக் கூலிகளின் ஆவணங்களில் அவர்களுடைய புகைப்படங்களும் உண்டு. 1867 சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம் முடித்த பழைய கூலிகள் படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆளை அடையாளம் காட்டவென்றே எடுத்த படங்கள் அவை. கொள்ளுத் தாத்தாவின் அப்படியொரு படத்தின் பிரதி உங்கள் வீட்டில் இருந்து ஸ்கேன் செய்தால், மூல டிஃப் கோப்பில் எந்தக் குறியும் வைக்க வேண்டாம். அதற்கு எஸ்ஹெச்ஏ-256 எண் போதும். குறி, உறவினருக்கு அனுப்பும் பிரதிக்கு மட்டும். மூலத்தில் ஒருமுறை இரைச்சல் ஏற்றிவிட்டால் நாளைக்குப் படத்தில் மங்கியிருக்கும் எண்ணைப் படிக்க முயல்கிறவருக்கு அந்த இரைச்சலும் சேர்ந்தே கிடைக்கும்.

கேமரா கையொப்பம் போட்டால் போதாதா?

2021-இல் தொடங்கிய சி2பிஏ தரப்படி, படத்தோடு கையொப்பமிட்ட வரலாறு ஒன்று ஒட்டிப் போகும். 2023-இல் வந்த லைக்கா எம்11-பி அதைக் கேமராவுக்குள்ளேயே செய்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வரலாறு கோப்பின் தகவல் பகுதியில் இருக்கிறது. தகவலைக் கழற்றும் எந்தச் செயலியும் அதையும் கழற்றும். நீர்க்குறி அங்கே உதவும்: பிக்சலுக்குள் இருக்கும் எண்ணைப் படித்துச் சேவையகத்திலிருந்து வரலாற்றைத் திரும்ப எடுக்கலாம். ஒன்றுக்கு மற்றது மாற்று இல்லை, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். சாவி வெளியே போனால் எதுவும் மிஞ்சாது என்பதையும் மறக்க வேண்டாம். கேனன், நிக்கான் இரண்டின் பழைய சரிபார்ப்பு முறைகளையும் 2010, 2011-இல் எல்காம்சாஃப்ட் என்ற மென்பொருள் நிறுவனம் உடைத்தது இதனால்தான்.

தலைப்பை எந்தக் குறியும் காக்காது. 2013 மார்ச்சில் போர்ட் லூயிஸில் வந்த வெள்ளத்தின் படத்தை எடுத்து, 2024 ஜனவரி பெலால் புயல் என்று ஒருவர் எழுதிப் போட்டால் குறி உடையாது, எண்ணும் பொருந்தும். காட்டிக்கொடுப்பது பதிவேட்டில் உள்ள தேதி ஒன்றே. அந்தப் பதிவேடும் சாவியும் சங்கச் செயலாளரின் ஃபோனில் மட்டும் இருந்தால், ஃபோன் தொலைந்த அன்றே எல்லாப் படமும் அநாதை. இரண்டு பிரதி வையுங்கள். வெள்ளம் புகும் தரைத்தளத்தில் இரண்டையும் வைக்காதீர்கள்.