ரெய்கியை ஆராயக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் முதுகலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். கையை உடல்மேல் வைத்தோ எட்ட நீட்டியோ ஆற்றல் செலுத்துவதாகச் சொல்லும் ரெய்கி, பிராணிக் ஹீலிங் போன்ற சிகிச்சைகள் மன அழுத்தத்தைக் குறைக்கின்றனவா என்று பார்க்க வருஷத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். திட்டத்தைப் புரட்டினால் நான் அடித்த அதே கூத்து. ஆள் போதாது, கேள்வித்தாளில் பிழை என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

எச்சில் எடுத்த நேரம்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் 30 பேரை வைத்து என் ஆய்வு. கழுத்து வலி, கூலி, வட்டி என்று அழுத்தத்துக்குக் குறைவில்லாத வீடுகள். காலை 7 மணிக்கு எச்சில் மாதிரி எடுத்தேன், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைப் பார்க்க. அப்புறம் ரெய்கி. 11 மணிக்கு இன்னொரு மாதிரி. 60 குழாய்களும் ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்குப் போயின; என் சேமிப்பும் கூடவே போனது. முடிவைப் பார்த்தால் அநேகமாக எல்லோருக்கும் கார்டிசால் இறங்கியிருந்தது. தரையில் கால் பாவவில்லை எனக்கு.

தேர்வாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ரெய்கி கொடுக்காமல் விட்டிருந்தால் 11 மணிக்கு ஏறியா இருக்கும்?"

கார்டிசால் கண் விழித்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும். பிறகு பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்தைத் தொடும். ரெய்கியை அளப்பதாக நினைத்துக்கொண்டு பொழுது ஏறியதை அளந்திருக்கிறேன். இது உடலியங்கியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் புத்தகம் அன்றைக்கு என் பையிலேயே இருந்தது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இறக்கம் செங்குத்தாக இருக்கும் காலையை விட்டு, பிற்பகலுக்கு மாறுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே மணியில் எடுங்கள். ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று குறித்துவையுங்கள். மாதிரி எடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சாப்பாடு, டீ எதுவும் கூடாது. வெற்றிலையும்தான்: எனக்கு இரண்டு குழாய் செக்கச் செவேலென்று வந்தன.

சும்மா படுத்திருந்தவர்கள் எங்கே?

முடிவு வந்த பிறகு ஓர் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "பீடித்தட்டைத் தொடாம ஒரு மணி நேரம் படுத்துக் கெடந்தா சொகமாத்தான இருக்கும் தாயி? அந்தம்மா கையை நீட்டாட்டியும் தூங்கிருப்பேன்" என்றார். என் ஆய்வேட்டில் இல்லாத ஒப்பீட்டுக் குழுவை ஆச்சி ஒரே மூச்சில் வடிவமைத்துவிட்டார்.

2011இல் வெளியான ஓர் ஆய்வில், கீமோதெரபி எடுத்த 189 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரெய்கி. இன்னொன்றுக்குப் பயிற்சியில்லாத ஒருவர் அதேபோல் கைவைக்கும் போலி ரெய்கி. மூன்றாவதுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் இரண்டு குழுவுக்கும் ஆறுதல் கூடியது, ஏறக்குறைய ஒரே மாதிரி. போலிக் குழு இல்லாமலிருந்தால் அத்தனை பெருமையும் ரெய்கிக்கே போயிருக்கும்.

ஒரு மாதக் கேள்வி

உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983இல் தந்த மன அழுத்தக் கேள்வித்தாள் கேட்பது கடந்த ஒரு மாதத்தைப் பற்றி. ஒரு மணி நேர சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு கேள்வியை ஒன்றாக முடிச்சுப் போடுவது

1998இல் எமிலி ரோசா என்ற சிறுமியின் சோதனை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. உடலைத் தொடாமல் கையாலேயே ஆற்றலை உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் தெரபியூட்டிக் டச் செய்பவர்கள் 21 பேர். மறைப்புக்கு அந்தப் பக்கம் அவர்களின் எந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கை இருக்கிறது என்று கேட்டாள். 280 முறையில் சரியாகச் சொன்னது 44 சதவீதம். பூவா தலையா போட்டிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். ஆனால் அது ஆற்றலை உணர முடிகிறதா என்ற கேள்வி. படுத்திருப்பவருக்கு மனசு லேசாகிறதா என்பது வேறு கேள்வி. எது உங்களுடையது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சிடிஆர்ஐ பதிவு

இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு இது. முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரலுக்குப் பிறகு, பின்னால் போனால் ஏற்பதில்லை.

சிகிச்சை கொடுத்தவரே கேள்வித்தாளை நீட்டுவது

வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் முகத்துக்கு நேரே "ஒண்ணும் தெரியல" என்று நம்மூரில் எவரும் சொல்ல மாட்டார்கள்.