போலீஸ் புள்ளிவிவரத்தை ஏமாறாம படிக்கிறது எப்படி

நாடு முழுக்க பதிவான குற்றக் கணக்கை வருஷா வருஷம் தொகுக்கிற என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) ரிப்போர்ட் வந்தாலே வாட்ஸப் குரூப்ல எல்லாம் சண்டைதான், அந்த மாநிலத்துல குற்றம் கூடிருச்சு இங்க குறைஞ்சிருச்சுன்னு ஆளாளுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடுவாங்க. இன்னொரு பக்கம் புதுசா ஒரு போலீஸ் திட்டம் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே மக்கள் நம்பிக்கை கூடியிருக்குன்னு பிரஸ் மீட் வைப்பாங்க. இது ரெண்டையும் எப்படி சரிபாக்கிறதுன்னு எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல மனசுல வெச்சுக்க வேண்டியது, அந்த ரிப்போர்ட்ல இருக்கிறது ஸ்டேஷன்ல பதிவான கேஸ் மட்டும்தான், நடந்த குற்றம் எல்லாம் அதுல வராது. செல்போனைப் பறிச்சுட்டு பைக்ல போயிட்டான்னு சொல்லி ஒருத்தர் ஸ்டேஷனுக்குப் போறாரு, "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க சார், ஐஎம்இஐ நம்பர் போட்டுருங்க, கிடைச்சா கூப்பிடுறோம்"னு சொல்லி சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கினோம்ங்கிறதுக்கு மட்டும் ஒரு ரசீதைக் கையில குடுத்து அனுப்பிடுறாங்க. எஃப்ஐஆர் கிடையாது, அதனால அந்த வழிப்பறி எந்த டேபிள்லயும் ஏறாது, அந்த ஊர்ல குற்றம் 'குறைஞ்சிரும்'. இதுக்கு நேர் எதிரா டெல்லியைப் பாருங்க. 2013ல ஐபிசி, அதாவது அப்போ இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துல போட்ட கேஸ் சுமார் 80 ஆயிரம், அடுத்த வருஷமே ஒன்றரை லட்சத்தைத் தாண்டிருச்சு. ஒரே வருஷத்துல ஊர்ல திருடன் ரெண்டு மடங்கா ஆகிடல, வர்ற புகாரை ஒழுங்கா பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான். அதனால கேஸ் எண்ணிக்கை கூடுறதைப் பாத்த உடனே திட்டாதீங்க, ஜனங்க நம்பி ஸ்டேஷன் படி ஏறுறாங்கன்னும் அதுக்கு அர்த்தம் இருக்கலாம்.

அடுத்து மொத்த நம்பரை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, எந்தப் பிரிவுல ஏறிச்சுன்னு உள்ள போய் பாருங்க. 2020ல நாடு முழுக்க கேஸ் 28 சதவீதம் கூடிச்சுன்னு வந்துச்சு. காரணம் லாக்டவுன். அரசு உத்தரவை மீறினதுக்கான ஐபிசி 188வது பிரிவு கேஸ் மட்டும் முந்தின வருஷம் 29 ஆயிரம் சொச்சம் இருந்தது 6 லட்சத்து 12 ஆயிரமா ஆச்சு, அதே வருஷம் திருட்டு கேஸ் குறைஞ்சுதான் போச்சு. இன்னொண்ணு, ஒரு எஃப்ஐஆர்ல நாலு குற்றம் இருந்தாலும் பெரிய தண்டனை உள்ளது மட்டும்தான் கணக்குல வரும், பாலியல் வன்கொடுமை பண்ணி கொலையும் பண்ணிருந்தா அது கொலைக் கணக்குக்குத்தான் போகும். தண்டனை விகிதமும் அப்படித்தான், கோர்ட் விசாரணை முடிஞ்ச கேஸ்ல எத்தனைக்கு தண்டனை கிடைச்சுதுன்னுதான் அந்த சதவீதம், கோர்ட்ல வருஷக்கணக்கா கிடக்கிறது அதுல இல்ல, அதனால பக்கத்துலயே நிலுவை எவ்ளோன்னு பாத்துருங்க.

இப்போ திட்டங்களுக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஒரு திட்டம் வேலை செஞ்சுதான்னு கேட்டா, அது இல்லாத ஸ்டேஷன்களோட ஒப்பிட்டுப் பாத்தாங்களா, ஆராய்ச்சி பண்ணது வெளி ஆளா, இது ரெண்டையும் கேளுங்க. ராஜஸ்தான்ல பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, அங்க ஐபிஎஸ் அதிகாரியா இருந்த நினா சிங் எல்லாரும் சேர்ந்து 162 ஸ்டேஷன்ல சோதனை பண்ணாங்க, ஆளை அனுப்பி பொய்யா ஒரு புகார் குடுக்க வெச்சு போலீஸ் எஃப்ஐஆர் போட ரெடியா இருக்காங்களான்னும் பாத்தாங்க. போலீஸுக்கு பயிற்சி குடுத்ததும், சும்மா சும்மா டிரான்ஸ்ஃபர் பண்றதை நிறுத்தினதும் பலன் குடுத்துச்சு. ஊர்க்காரங்களை ஸ்டேஷன்ல பார்வையாளரா உக்கார வெச்சது, வார லீவு இதெல்லாம் பெருசா எடுபடல, ஒழுங்கா நடைமுறைக்கே வரலைங்கிறது அதுல முக்கியமான விஷயம். பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டான்னு ஆறு நாட்டுல மக்களோட சேர்ந்து காவல் பண்ற முறையை சோதிச்சு 2021ல முடிவு வந்துச்சு, நம்பிக்கையும் கூடல குற்றமும் குறையல. ஆனா மத்தியப் பிரதேசத்துல 180 ஸ்டேஷன்ல பண்ண ஆய்வுல, பெண்களுக்குன்னு ஹெல்ப் டெஸ்க் வெச்ச இடத்துல பெண்கள் குடுத்த புகார் கூடுதலா பதிவாச்சு, அதுலயும் பெண் போலீஸ் இருந்த இடத்துல எஃப்ஐஆர் கூடுச்சு. அதனால போலீஸ் நடத்துற கபடிப் போட்டி, மாரத்தான், செல்ஃபி ஃபோட்டோ எல்லாத்தையும் பாத்து சந்தோஷப்படலாம், தப்பில்ல, ஆனா அதை ஆதாரமா எடுத்துக்காதீங்க.

கருத்துக்கணிப்பு வந்தா கேட்ட கேள்வியைப் படிங்க. 'போலீஸை நம்புறீங்களா'ன்னு ஸ்டேஷன் பக்கமே போகாதவங்க கிட்ட கேக்கிறதும், போயிட்டு வந்தவங்க கிட்ட கேக்கிறதும் ஒண்ணு இல்ல. பெண்கள், தலித் மக்கள், இஸ்லாமியர்கள் சொன்னதைத் தனியா பிரிச்சுப் போட்டிருக்காங்களான்னும் பாருங்க. காமன் காஸ்ங்கிற தன்னார்வ அமைப்பும் லோக்நிதிங்கிற ஆய்வு அமைப்பும் சேர்ந்து போலீஸ் பத்திப் போடுற ரிப்போர்ட்ல இந்த மாதிரி பிரிச்சிருப்பாங்க. அவங்க 2019 ரிப்போர்ட் போலீஸ்காரங்க கிட்டயே கேட்டது, சராசரியா ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலைன்னு வந்துச்சு, அந்த நிலைமையில இருக்கிற ஏட்டையா கிட்ட சிரிச்ச முகத்தை எதிர்பார்க்கிறதும் நியாயமில்லைன்னு எனக்குத் தோணுச்சு.

தமிழ்நாட்டுல இருக்கிறவங்க உங்க ஸ்டேஷனுக்கே இதைப் பண்ணிப் பாக்கலாம். ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, வெள்ளைத் தாள்ல எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எஸ்பி ஆபீஸ் இல்லன்னா கமிஷனர் ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. கடந்த மூணு வருஷத்துல இன்ன ஸ்டேஷன்ல எத்தனை சிஎஸ்ஆர், எத்தனை எஃப்ஐஆர், எத்தனை சிஎஸ்ஆர் எஃப்ஐஆரா மாறுச்சு, அனுமதிச்ச பணியிடம் எவ்ளோ இப்ப ஆள் எவ்ளோ. நம்பர் மட்டும் கேளுங்க, பேரு கேஸ் விவரம் கேட்டீங்கன்னா விசாரணை பாதிக்கும்னு தள்ளி விட்ருவாங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போடணும், அந்தத் தேதியை மட்டும் தவற விட்டுறாதீங்க, தபால் ரசீதையும் பத்திரமா வெச்சுக்கோங்க.