பேய் இல்லாவிட்டால் த்ரில்லரா?

போன மாதம் கோலாலம்பூரில் அத்தையைப் படத்துக்கு அழைத்துப் போனேன். பேய்ப்படம் என்றால் வரமாட்டார். "த்ரில்லர்தான் அத்தை, பேயெல்லாம் கிடையாது" என்று சொல்லித்தான் டிக்கெட் எடுத்தேன். பொய் சொல்லவில்லை, படத்தில் பேயே இல்லை. படம் விட்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்தோம். தே தாரேக், அதாவது நுரை வர ஆற்றிய பால் தேநீர், ஆறி ஆடை கட்டியும் அவர் தொடவில்லை. "கொலைகாரன் யாருன்னுதான் தெரிஞ்சிடுச்சே. அப்புறம் ஏன்டா எனக்கு வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு?"

பேய் வந்தால் ஹாரர், போலீஸ் வந்தால் த்ரில்லர் என்று பிரித்த என் கணக்கு அங்கேயே தப்பாகிவிட்டது. அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி. விடை தெரிந்த பிறகு பயம் என்ன ஆகிறது? த்ரில்லரில் யார் செய்தது, தப்பிப்பார்களா என்பது தெரிந்ததும் மூச்சு விட்டுவிடுகிறோம். ஹாரரில் விடை தெரிந்தாலும் மனம் ஆறாது.

'சந்திரமுகி'யை (2005) எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அது பேய்ப்படம். ஆனால் கதைப்படி கங்காவைப் பிடித்திருப்பது மனநோய். டாக்டர் சரவணன் அதை விளக்குகிறார், குணமாக்குகிறார், எல்லோரும் நிம்மதியாகிறார்கள். (அந்தப் பாம்பு எதற்கு வந்தது என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.) அரண்மனைக் காட்சிகள் பேய்ப்படம் மாதிரியே மிரட்டினாலும், கதை ஒரு புதிரை அவிழ்க்கிற கதை.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'விலும் (1960) கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். பேய் கிடையாது, நோய்தான். அதோடு படத்தை முடித்திருந்தால் த்ரில்லர் என்று விட்டுவிடலாம். ஆனால் அதற்கப்புறம் கொலைகாரன் நார்மன் தனியாக உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்குள்ளே அம்மாவின் குரல் பேசிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் சொன்னதெல்லாம் அந்த ஒரு சிரிப்பில் கரைந்துவிடுகிறது. இரண்டு படத்திலும் டாக்டர் வருகிறார், ஒருவர் கையில்தான் பயம் அடங்குகிறது.

அடுத்த தவறு, ரத்தத்தை வைத்து முடிவு கட்டுவது. நம் மலேசியத் தணிக்கையிலேயே முன்பு 18எஸ்ஜி என்று ஒரு முத்திரை இருந்தது: மலாயில் செராம், கானாஸ். பயமும் வன்முறையும் ஒரே பெட்டியில்! வயது வரம்புக்கு அது போதும், வகை பிரிக்க உதவாது. 'ராட்சச'னில் (2018) வரும் கொலைகள் பல பேய்ப்படங்களைவிடக் கொடூரம். ஆனாலும் நாம் நகம் கடிப்பது அடுத்த பெண்ணைக் காப்பாற்றிவிடுவார்களா என்பதற்காக. அது சுத்தமான த்ரில்லர்.

திடீரென்று சத்தம் போட்டு உலுக்குவதையும் ஹாரர் என்று எண்ண வேண்டாம். குக்கர் விசில் அடித்தாலும்தான் தூக்கிவாரிப் போடுகிறது.

பேய் இருக்கிற படத்தையும் இதே அளவுகோலால் அளக்கலாம். பேய் யார், என்ன பழி என்று கண்டுபிடித்து, பரிகாரம் செய்ததும் கதை முடிந்துவிடுகிறதா? அப்படியென்றால் துப்பறியும் கதைக்குப் பேய் வேஷம் போட்டிருக்கிறார்கள் என்பேன். வாழை மரத்தில் குடியிருப்பதாக மலாய்க்காரர்கள் சொல்லும் பெண் பேயான பொந்தியானாக் அப்படிப்பட்டதில்லை. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் 1957-இல் அதை மலாய்ப் படமாக எடுப்பதற்கு முன்பே, அவள் யார், எப்படிச் செத்தவள், எப்படி அடக்குவது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். புதிர் என்று ஒன்றுமே மிச்சமில்லை. பிடரியில் ஆணி அடித்தால் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள், பிடுங்கினால் மறுபடி அவளேதான்.

எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்த அத்தைக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆணியை எங்கே அடிக்க வேண்டும் என்று எனக்குத் தொட்டுக் காட்டியவரே அவர்தான். அன்றிரவு காரை நிறுத்தியதும், வாசலோர வாழை மரத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போனார்.